கண் கூசாத கண்ணாடி

பெரம்பலூரில் பதினோரு வருஷம் ஜன்னல் கண்ணாடி விற்றேன். தொண்ணூற்றாறிலிருந்து இரண்டாயிரத்து ஏழு வரை. அந்தப் பதினோரு வருஷத்தில் கண்ணாடி வாங்க வந்தவர்களில், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வந்தவர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவரையும் நான் கெடுத்து அனுப்பினேன். மற்றவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

கடைக்கு வருகிறவர் செய்கிற முதல் காரியம் இது. மேஜைமேல் உள்ளங்கை அளவில் வெட்டி அடுக்கிய மாதிரித் துண்டுகள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். நடு ரோட்டு வெயிலில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துண்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துக் கிரகணம் பார்க்கிற மாதிரி பார்ப்பார். கண் கூசவில்லை என்றால் முகத்தில் ஒரு திருப்தி வரும். கூட வந்த மச்சானிடம் கொடுப்பார். மச்சானும் பார்த்துவிட்டு, நல்லா குளுகுளுன்னு இருக்கு என்பார். உச்சி வெயிலில், வழுக்கைத் தலையில் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்வார். அத்துடன் ஆராய்ச்சி முடிந்தது. அடுத்த கேள்வி, இதே கலர் ஊரில் வேறு யார் வீட்டில் போட்டிருக்கிறார்கள் என்பது.

இரண்டு மாவட்டத்து ஜனங்களும் இப்படித்தான். இரண்டு மாவட்டம் என்கிறேன். அந்த வருஷங்களில் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். போர்டு எழுதுகிற பெயிண்டர்தான் பிழைத்தான். வீட்டுக்குள் சூடு வருமா வராதா என்பதை உடம்பில் எந்த உறுப்பைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் கண்ணைத்தான் நம்பினார்கள். இருட்டாகத் தெரிந்தால் குளிர்ச்சி. எவ்வளவு இருட்டோ அவ்வளவு குளிர்ச்சி. எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு விலை என்று மூன்றாவது படியை நான் சேர்த்துக்கொண்டேன்.

என் கடைப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி., இயற்பியல் என்று எழுதி வைத்திருந்தேன். திருச்சியில் மூன்று வருஷம் படித்து மூன்றாம் வகுப்பில் தேறிய இயற்பியல். வெளிச்சத்தைத் தடுக்கிற பொருள் சூட்டையும் அதே அளவு தடுத்துவிடும் என்று சட்டமில்லை என்பதை யாராவது ஒரு பேராசிரியர் வகுப்பில் சொல்லித்தான் இருப்பார். நான் அன்றைக்கு கேன்டீனில் இருந்திருப்பேன். ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்னை சார் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட எனக்கும் எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் விடுமுறையில் வந்து வீடு கட்டினார். ஷார்ஜாவில் அவர் வேலை செய்த தெருவில் இருந்த ஒரு கட்டடத்தின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, இந்த நீலம்தான் வேணும் என்றார். முன்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, முகம் தெரிகிற நீலக் கண்ணாடி. போட்டோவில் உள்ள கட்டடத்துக்குப் பின்னால் ஒரு லாரி அளவு குளிரூட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இவர் வீட்டுக்கு இரண்டு சீலிங் ஃபேன். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பெரிய ஆர்டர்.

அவர் வீட்டுப் பெண்களுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியக் கூடாது. தெரியவே தெரியாதுங்க என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பகலில் தெரியவில்லைதான். சாயங்காலம் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, வீட்டில் லைட் போட்டவுடன், வெளியே இருட்டு உள்ளே வெளிச்சம் என்று ஆகி, தெருவுக்கே சினிமா கொட்டகை திறந்த மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் மறுநாள் காலையில், ராத்திரி உங்க வீட்ல இடியாப்பம் போல என்று அன்பாக விசாரித்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கனத்த திரை போட்டார்கள். இரவும் பகலும் மூடியே கிடக்கும். கண்ணாடிக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் டியூப் லைட், அதன் கீழே வேர்த்து விறுவிறுத்த குடும்பம். திரைக்கம்பியும் நான்தான் விற்றேன்.

அரியலூரில் ஒரு நகைக்கடை. மேற்குப் பார்த்த வாசல். முதலாளிக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும், ஏனென்றால் திருச்சியில் ஒரு கடையில் கறுப்பு. போட்டோம். பகல் பதினோரு மணிக்குக் கடைக்குள் தங்கம் பித்தளை மாதிரி தெரிந்தது. வரிசையாக பல்பு மாட்டினார். பல்புகளின் சூடு தாங்காமல் ஏ.சி. வைத்தார். ஏ.சி.க்குக் கரண்ட் தாங்காமல் ஜெனரேட்டர் வாங்கினார். ஜெனரேட்டர் புகை கடைக்குள் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டு, இதுக்கு ஏதாவது கண்ணாடி இருக்கா என்று கேட்டார். இப்படிப்பட்டவர்களோடு நான் பழகினேன். மதியம் சாப்பிடும்போது, கண்ணாடி மாட்டுகிற என் ஃபிட்டரிடம் இவர்களைப் போலப் பேசிக் காட்டுவேன். அவன் சோறு புரையேறச் சிரிப்பான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கண்ணாடிக் கம்பெனி திருச்சி ஓட்டலில் வியாபாரிகளுக்குக் கூட்டம் போட்டது. மின்சாரம் மிச்சமாகிற கண்ணாடி என்று தலைப்பு. டை கட்டிய பையன் ஒருவன் ஒன்றரை மணி நேரம் பேசினான். எங்கள் முப்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தான். அதில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு கட்டம். வெயிலில் எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகும் என்று ஒரு கட்டம், எவ்வளவு சூடு உள்ளே போகும் என்று ஒரு கட்டம். நல்ல கெட்டி அட்டை. ஊருக்கு வந்ததும் கண்ணாடி வெட்டுகிற மேஜையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்ததால், மடித்து அதற்கு அடியில் வைத்தேன்.

அடுத்த தை மாதத்தில் அவர் வந்தார்.

ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. சுண்ணாம்புக்கல்லைப் போட்டுச் சுடுகிற பெரிய உருளை உலை இருக்கிறது, அங்கே அதை கில்ன் என்பார்கள். அதன் பக்கத்தில் இருபது வருஷமாக நிற்கிறவர். சிவந்த கண், கருகிப் போன புருவம், அயர்ன் பண்ணின பழைய சட்டை. மற்றவர்கள் மாதிரி கலர் கேட்கவில்லை. உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். தன் மகளைப் பற்றிச் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு வியர்க்காது. பிறவியிலேயே உடம்பில் அதற்கான சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறினால் நமக்கெல்லாம் வேர்த்து உடம்பு தணியும். அவளுக்குச் சூடு உள்ளேயே நின்று, காய்ச்சலாகி, வலிப்புவரை போகும். திருச்சி டாக்டர் இதற்கு மருந்து கிடையாது, குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு வருஷமும் பங்குனி பிறந்ததும் குன்னூரில் இருக்கும் அவளுடைய சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆடியில் கூட்டி வருவார்கள். ஒரு வருஷம்கூட அவள் முழுப் பரீட்சை எழுதியதில்லை. ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் இரக்கப்பட்டு மேலே அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆறாவது. இனிமேல் பரீட்சை எழுதாமல் முடியாது என்று சொல்லியாகிவிட்டது. இந்தச் சித்திரையை வீட்டிலேயே கழித்து அவள் பரீட்சை எழுதிவிட வேண்டும், அதற்காக ஒரு அறை கட்டுகிறேன் என்றார்.

இடம் மேற்கில்தான் இருந்தது. கிழக்குச் சுவர் அவர் அண்ணன் வீட்டோடு ஒட்டியது. ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது. லாரி போகிற ரோடு, ஆலைத் தூசி. காலையில் கழுவின தட்டில் சாயங்காலம் விரலால் கோடு போடலாம். அவளுக்கு மூச்சிரைப்பும் உண்டு.

"வெளிச்சம் வேணும், புள்ள படிக்கணும். தூசி வரக் கூடாது. சூடு வரக் கூடாது. அப்படி ஒரு கண்ணாடி இருக்குங்களா சார்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் சரியான கேள்வி அது. நான் பழுப்பு நிறத் துண்டை எடுத்து நீட்டினேன். அது அப்போது நிறைய ஸ்டாக் இருந்தது.

அவர் வாசலுக்குப் போனார். சூரியனைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. துண்டை இடது கையில் வெயிலில் பிடித்து, அதன் நிழல் விழுகிற இடத்தில் வலது புறங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அசையாமல் வெகு நேரம் நின்றார். திரும்பி வந்து வெறும் வெள்ளைக் கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு நீலம். பிறகு மறுபடி பழுப்பு. கில்ன் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் எதையும் உள்ளங்கையால் தொடமாட்டார்களாம், புறங்கையைத்தான் கிட்டே கொண்டுபோவார்களாம். இதை அவர் பிற்பாடு சொன்னார். அப்போது எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

வந்து துண்டை மேஜைமேல் வைத்தார். "சார், இது சுடுதுங்களே. வெயில வாங்கி வச்சிக்கிட்டு நம்மகிட்ட குடுக்குது" என்றார்.

கடையில் ஃபிட்டரும் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். "கைய வச்சிப் பாக்குறதுக்கு இது என்னங்க, தோசைக்கல்லா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து அதைக் கண்ணாடி என்றேன், ஒரு வட்டம் போட்டுச் சூரியன் என்றேன், அம்புக்குறிகள் போட்டேன். கதிர், அலைநீளம், உட்கவர்தல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பாதிக்கு மேல் எனக்கே அர்த்தம் தெரியாது. துண்டு சின்னதாக இருப்பதால்தான் சுடுகிறது, பெரிய கண்ணாடியில் சூடு பரவிப் போய்விடும் என்று ஒரு விளக்கம் சொன்னேன் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் தன் புறங்கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவர் கொண்டுவந்திருந்த பிளானில் இரண்டரை அடி ஜன்னல்தான் வரைந்திருந்தது. வீட்டைக் கட்டிய கொத்தனார் ஏதோ அனுபவத்தில் வைத்த அளவு. இந்தக் கண்ணாடி போடுவதாக இருந்தால் சுவர் முழுக்க வைக்கலாம், நான்கு பெரிய கண்ணாடியாக, திறப்பே இல்லாமல் அடைத்துவிடலாம், தூசித் தொல்லையே இருக்காது என்றேன். அவ்வளவு பெரிசு வேணுங்களா என்று தயங்கினார். படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டாமா என்று அவர் மகளையே எடுத்து அவர்மேல் போட்டேன். சரிங்க சார், நீங்க சொன்னா சரிதான் என்று எழுந்துகொண்டார்.

மாசியில் கண்ணாடி மாட்டப் போனபோது நானும் போனேன். அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மெல்லிய செம்பட்டை முடி, ஒல்லி, வாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்கள். தோளில் நனைத்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடமாடினாள். புது அறையில் தன் புத்தகங்களை ஏற்கெனவே அடுக்கி வைத்துவிட்டாள். பரீட்சைக்கு ஒரு டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஃபிட்டர் கண்ணாடியின் ஓரங்களைப் பசை போட்டு அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இது தொறக்காதா?"

திறந்தால் தூசி வரும் பாப்பா என்றேன். தொறக்கலன்னா உள்ள வந்த சூடு எப்படி வெளியே போவும் என்று கேட்டாள். அவள் அப்பா பெருமையோடு என்னைப் பார்த்தார். நானும் சிரித்து அவள் தலையைத் தட்டிவிட்டு, ஃபிட்டரிடம் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன். என்னிடம் பதில் இல்லை என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றியது.

பங்குனிக் கடைசியில் அவர் மறுபடி கடைக்கு வந்தார். ஆட்கள் இருந்ததால் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு வந்து, ஒரு தரம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்க சார் என்றார். கண்ணாடியில் விரிசலா என்று கேட்டேன். கண்ணாடிக்கு ஒண்ணுமில்லைங்க, மூணு மணி வாக்குல வாங்க என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு மோட்டார் பைக்கில் போனேன். அறைக்குள் கால் வைத்தபோது, வெந்துகொண்டிருக்கும் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து முகத்தை நீட்டின மாதிரி இருந்தது. அறை என்னவோ அழகாகத்தான் இருந்தது. நான்கு கண்ணாடியிலும் வெயில் தேன் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண் கூசவே இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சூட்டை எடுத்து மேலே வீசிக்கொண்டிருந்தது. கட்டில் இருந்தது, மேஜை இருந்தது, சுவரில் டைம்டேபிள் இருந்தது. அவளைக் காணோம்.

அவர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். துணி துவைக்கிற பேசினைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் புத்தகம். மேலே ஒரு ஜீரோ வாட் பல்பு. சமூக அறிவியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"இங்க வெளிச்சந்தான் கொஞ்சம் கம்மி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் வீட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அந்த அறையில் படுத்து இரண்டு தரம் காய்ச்சல் வந்திருக்கிறது. இரண்டாம் தரம் அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஐஸ் கட்டியில் கிடத்தி மீட்டிருக்கிறார்கள். அவள் அம்மா பயந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை குன்னூருக்குக் கிளம்புகிறார்கள், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பரீட்சை அதற்கு அடுத்த வாரம். படிக்க வேண்டாம் என்று சொன்னாலும் அவள் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை மறுபடியும் அந்த அறைக்குக் கூட்டிவந்தார். "கைய வைங்க சார்" என்றார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

"அன்னிக்கி கடையிலயே என் கை சொல்லிச்சுங்க. இருவது வருஷமா சூட்டுல நிக்கிற கை. படிச்சவரு சொல்றாரேன்னு அத நம்பாம வுட்டுட்டேன். எம்மேலதான் தப்பு."

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டுகிறவர்களுக்கு நிறைய பதில் வைத்திருந்தேன். தப்பைத் தானே எடுத்துக்கொள்கிற ஆளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். நான் அண்ணாந்து பார்த்து, இது மேல் தளத்துச் சூடுங்க, மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்களா என்றேன். புதுப் பூச்சு இன்னும் காயவில்லை, அந்த ஆவிதான் இப்படிப் புழுங்கும் என்றேன். என் பக்கத்தில் கண்ணாடி தகித்துக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கொல்லையில் அந்தப் பெண் மறுபடி படிக்க ஆரம்பித்திருந்தாள், இன்னும் சத்தமாக.

கடைக்குத் திரும்பியதும் மேஜையின் காலுக்கு அடியில் இருந்த அட்டையை உருவி எடுத்தேன். அழுக்காகி நான்காக மடிந்து கிடந்தது. ஆனால் படிக்க முடிந்தது. பழுப்புக் கண்ணாடிக்கு நேரே, வெளிச்சக் கட்டத்தில் இருந்த எண் நன்றாகவே குறைந்திருந்தது. சூட்டுக் கட்டத்தில் இருந்தது அப்படிக் குறையவில்லை. வெறும் வெள்ளைக் கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டரை அடி ஜன்னலைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கினால், அந்தக் கொஞ்சமும் போய்ப் பல மடங்கு சூடுதான் உள்ளே வரும் என்று கணக்குப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. நான் இத்தனை வருஷம் ஒரு கட்டத்தைக் காட்டி இன்னொரு கட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டிருந்தேன். அட்டையின் கீழே சின்ன எழுத்தில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் வெளிப்பக்கம் நிழல் அமையுங்கள் என்று இருந்தது. அதைத்தான் அந்த டை கட்டிய பையன் ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளச் சொல்லியிருப்பான்.

பதினைந்து நாள் கழித்து அவரிடமிருந்து ஃபோன் வந்தது. கண்ணாடியைக் கழற்றி எடுத்துட்டுப் போயிடுங்க சார், எங்களுக்கு வேணாம் என்றார். ஃபிட்டரை மட்டும் அனுப்ப நினைத்தேன். ஏனோ நானும் போனேன். ஏனோ என்ன, என்னை மன்னித்துவிட்டார் என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

மேற்குச் சுவருக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, சவுக்குக் கம்பு நட்டு முழு அகலத்துக்கும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார். சுவரை ஒட்டிக் கட்டவில்லை. நடுவே காற்று ஓட இடம் விட்டிருந்தார். ஓரத்தில் செங்கல்லும் மணலும் தயாராக இருந்தது. நாங்கள் கழற்றியதும் பழையபடி இரண்டரை அடி விட்டு மீதியை அடைத்துவிடப் போகிறார். ஜன்னலுக்குச் சாதாரண வெள்ளைக் கண்ணாடி, திறந்து மூடுகிற கதவோடு, அரியலூரில் சொல்லியாகிவிட்டதாம். பகலில் மூடி வைத்துவிட்டு, ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பின பிறகு சாயங்காலம் திறந்துகொள்ளலாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு சொல்றது? கில்ன்ல சூடு வெளிய போவக் கூடாதுன்னா உள்ளாறதான் கல்லு அடுக்குவோம். இங்க சூடு வெளியேர்ந்து வருது. அத வெளியிலயே நிறுத்தணும். உள்ள வந்த பெறவு நிறுத்த முடியாதுங்க."

அறைக்குள் போய் நின்றேன். சித்திரை மாத மூன்று மணி. தட்டியின் நிழலில் கண்ணாடி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அறையில் ஒரு பெண் உட்கார்ந்து படிக்கலாம். தை மாதம் அவர் என் கடை வாசலில் புறங்கையை நீட்டிக்கொண்டு நின்றபோது நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்த அறை அப்போதே இப்படித்தான் இருந்திருக்கும். அவள் அன்றைக்கு ஏதோ ஒரு பரீட்சை எழுதிவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் குன்னூரில் இருந்தாள். அடுத்த ஆடியில் வந்து அதே ஆறாம் வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள் என்று ஃபிட்டர் பிறகு சொன்னான்.

அவர் டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியை வண்டியில் ஏற்றும்போது கூடமாட வந்து ஒரு பக்கம் பிடித்தார். கீறல் படாமல் பார்த்து வைங்க என்று ஃபிட்டரிடம் சொன்னார். மன்னிப்பு பற்றிப் பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை. பாத்துப் போங்க சார் என்றார். அந்த சார் என்கிற வார்த்தையை அவர் அன்றைக்கு விட்டுவிட்டிருக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான்கு கண்ணாடிகளும் கடையின் பின்பக்கச் சுவரில் ஒரு மாதம் சாய்ந்து நின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவமானமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், அளவு பெரிசாக இருக்கிறதே, வெட்டினால் வீணாகுமே என்றுதான் இருந்தது.

வைகாசியில் டியூஷன் சென்டர் நடத்துகிற வாத்தியார் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மாடியில் ஹால் கட்டி முடிக்கிறார். மேற்குப் பார்த்த ஹால். நாலு மணிக்கு மேலேதான் பிள்ளைகள் வருவார்கள், ஐம்பது அறுபது பேர். பின்பக்கம் சாய்ந்திருந்ததை அவரே பார்த்துவிட்டு, இது அம்சமா இருக்கே என்றார். துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்தார். கூசவில்லை. திரும்பி வந்து, சாயங்கால வெயில் நேரா அடிக்கும் சார், சூடு உள்ள வராதுல்ல என்று கேட்டார்.

அந்தச் சிமெண்ட் ஆலைக்காரரிடம் சொன்னபோது எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னேன் என்று இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம்.

வாத்தியாரிடம், "வராதுங்க" என்றேன்.